குன்றிழந்த நிலம்: மேலூர் வட்டாரக் கற்குழிகளும் நிலமீட்பும்

கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கி நடந்த வழியைக் கூறும் காடுகாண் காதையில், மறையோன் ஒருவன் வாயிலாகப் பாலை நிலத்திற்கு ஓர் இலக்கணம் உரைக்கின்றார் இளங்கோவடிகள். பாலை தனியே தோன்றிய நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் இயல்பு கெட்டு எய்தும் நிலையே பாலை என்பது அதன் கருத்து. இப்பகுதியை நாம் பாடமாகச் சொல்லுங்கால், மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகிவிடுமா என்று மாணவர் வினவுவதுண்டு. ஆகும் என்றே விடை கூறுகின்றோம். மண் இருக்கும்வரை, அம்மண்ணில் வேரும் விதையும் உறங்கிக் கிடக்கும்வரை, ஒரு மழை போதும். ஆயின் அதே மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் இன்று நாம் காணும் ஒருவகைப் பாலைக்கு இந்த விடை பொருந்துவதில்லை. அங்கே மழை பெய்தால் குழியில் நீர் நிற்கும், அவ்வளவே. இது வெயில் ஆக்கிய பாலை அன்று. இயந்திரம் ஆக்கிய பாலை. அதனை மீட்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது யானைமலை படுத்த யானையெனத் தோன்றும். அதனை அடுத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், கீழவளவு, திருவாதவூர் என ஒவ்வோர் ஊரும் ஒரு குன்றையோ பல குன்றுகளையோ அணைத்துக்கொண்டே அமைந்துள்ளது. இக்குன்றுகள் வெறும் கல் அல்ல என்பதை வரலாறு படிப்போர் நன்கறிவர். மீனாட்சிபுரத்துக் குன்றிலுள்ள மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் அவற்றில் பொறிக்கப்பெற்றுள்ளது. கீழவளவின் பஞ்சபாண்டவர் மலையில் சமணர் படுக்கைகளும் பிராமி எழுத்துகளும் உள்ளன. யானைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குப் பாண்டியன் அமைச்சன் மாறன்காரி குடைவித்த குகைக்கோயிலின் வட்டெழுத்துக் கல்வெட்டு கி.பி. 770-ஐச் சேர்ந்தது. தமிழெழுத்தின் இளமைப் பருவத்தைக் காண விரும்புவோர் இக்குன்றுகளுக்குத்தான் வந்தாக வேண்டும்.

எழுத்தின் பெருமையை நாம் பலகாலும் பேசியிருக்கின்றோம். நீரின் பெருமையைப் போதிய அளவு பேசவில்லை. பாறைக்குன்று நீரைப் பருகுவதில்லை. பெரும்பகுதியை வழிய விடுகின்றது. பாறைப் பிளவுகளில் புகும் சிறுபகுதி சுனையாகவும் ஊற்றாகவும் கசிகின்றது. வழிந்தோடும் நீர் வரத்துக்கால் வழியே அடிவாரக் கண்மாயை அடையும். அக்கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர், கள்ளந்திரி வரை இருபோகத்திற்கும் அதற்கப்பால் மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகத்திற்கும் எனப் பாய்கின்றது. ஆயினும் கால்வாய்க்கு மேட்டில் அமைந்த ஊர்கள் பல. அவற்றிற்குக் குன்றே அணை, குன்றே கால்வாய். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்க்கும் நிலத்தில், அந்தச் சில நாள் நீரைத் திரட்டித் தருவது குன்றின் வழுக்கைத் தலைதான். எனவே ஒரு குன்றை எடுப்பதென்பது ஓர் ஊரின் நீர்ப்பிடிப்பை எடுப்பதேயாகும்.

இக்குன்றுகளின் கல், நிலநூலார் கணக்கில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. மண்ணின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. வணிகர் இதனைப் பொதுவாகக் கிரானைட் என்பர். இப்பகுதியில் கிடைக்கும் வெளிர்நிறக் கல் ஒன்று ‘காஷ்மீர் ஒயிட்’ என்னும் பெயரில் அயல்நாடுகளுக்குச் சென்றது. மதுரைக் கல்லுக்குக் காஷ்மீரப் பெயர் சூட்டியவர் யாரோ, அறியோம். கல் போனதோடு பெயரும் போயிற்று.

கல்லுடைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் நிலைக்கல்லும் எல்லைக்கல்லும் இக்குன்றுகளிலிருந்தே வந்தன. உளியும் சம்மட்டியும் கொண்டு ஒரு குடும்பம் தலைமுறைக்கும் உடைத்தாலும் குன்றின் விளிம்பு சற்றே குறையும். கடந்த நூற்றாண்டின் இறுதியில் வந்த முறை வேறு. துளைப்பொறியும் வைரக்கம்பி அறுவையும் பாரந்தூக்கியும் சேர்ந்தால் ஒரு குன்று சில ஆண்டுகளில் பள்ளமாகும். இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வெட்டப்படும் பாறையில் பிளவும் கறையுமின்றி ஏற்றுமதிக்குத் தகுந்த கட்டியாகத் தேறுவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவே. எஞ்சியது கழிவு. அக்கழிவை எங்கே கொட்டுவது? அருகிலுள்ள புறம்போக்கில், ஓடையில், வரத்துக்காலில், கண்மாயின் உள்வாயில். ஆக, குன்றிருந்த இடத்தில் குழியும், நீர் சென்ற இடத்தில் குன்றும் தோன்றின.

2012 மே மாதத்தில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அவர்கள், விதிமீறிய கல்வெட்டலால் அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,338 கோடி ரூபாய் என மதிப்பிட்டு அரசுக்கு எழுதினார். அம்மாதமே அவர் இடமாற்றம் பெற்றார். அவருக்குப்பின் வந்த ஆட்சியர் அன்சுல் மிஸ்ரா அவர்களின் காலத்தில் குவாரிகள் விரிவாக ஆய்வு செய்யப்பெற்று, பணிகள் நிறுத்தப்பட்டன. 2014 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சகாயம் அவர்களையே சட்ட ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை இழப்பை ஒரு இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேலாகக் கணித்தது. வழக்குகள் நீண்டன. இழப்பின் தொகையைக் குறித்து நாடே பேசியது. அத்தொகை அரசின் கருவூலத்திற்கு வரவேண்டியது பற்றிய கணக்கு. மறைந்த ஓடைக்கும் மடைக்கும் அதில் எத்துணை இடம் என்று கேட்பாரைக் காணோம். குழி தோண்டியவரைத் தண்டிப்பது ஒருபணி; குழியை என்செய்வது என்பது மற்றொரு பணி. முன்னதன் முடிவுக்காகப் பின்னது காத்திருக்கலாகாது என்பது நம் கருத்து.

சட்டம் இதனை எண்ணாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், மேல்மண்ணைத் தனியே அகழ்ந்து சேமித்துப் பின்னர் நிலமீட்பிற்குப் பயன்படுத்த வேண்டும் எனவும், கழிவை உரிய முறையில் குவிக்க வேண்டும் எனவும் கூறுகின்றன. 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் இசைவு வேண்டும் என்றது. 2020 சனவரியில் அதே நீதிமன்றம், கனிமம் எடுத்து முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து ஆடுமாடுகளுக்கு ஏற்றதாக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனைகளுள் ஒன்றாக்கப் பணித்தது. கோடிகளைப் பற்றிய வழக்கில் புல்லைப் பற்றி எண்ணிய அத்தீர்ப்பை நாம் மிகவும் மதிக்கின்றோம். ஆயின் விதி எழுதப்படுமுன் வெட்டப்பட்ட குழிகளுக்கும், விதியை மீறி வெட்டப்பட்ட குழிகளுக்கும் சேமித்த மேல்மண் ஏது? மேலூர்ப் பகுதியின் தனி இடர் இதுவே.

மண்ணே இல்லாத கற்குழியில் காடு வளர்க்க இயலுமா என ஐயுறுவோர்க்கு ஆப்பிரிக்காவின் கென்ய நாட்டு மொம்பாசா நகரருகே ஒரு சான்றுண்டு. பம்புரி என்னுமிடத்தில் சிமெண்ட் ஆலைக்காகப் பவளச் சுண்ணாம்புப்பாறையை வெட்டியெடுத்த பின், புல்லும் முளையாத வெண்குழி எஞ்சியது. 1971-இல் ரெனே ஹாலர் என்னும் வேளாண் அறிஞர் அங்கே 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றே, அவற்றுள் முதன்மையானது நம் கடற்கரைகளில் நாம் நன்கறிந்த சவுக்கு. சவுக்கின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றித் தருவதால் அது வெறுங்கல்லிலும் வாழ்கின்றது. மரம் வளர்ந்தது, ஆயின் உதிர்ந்த சவுக்கிலை மட்காமல் குவிந்தது. அதிலுள்ள துவர்ப்பு நுண்ணுயிர்களை அண்டவிடவில்லை. அவ்விலையைத் தின்னும் சிவந்த காலுடைய மரவட்டையைக் கண்ட ஹாலர், அவற்றைத் திரட்டிக் கொணர்ந்து குழியில் விட்டார். மரவட்டையின் எச்சம் மண்ணாயிற்று. அம்மண்ணில் பிற மரங்களும், பின்னர்ப் பறவையும் விலங்கும் வந்தன. குழி இன்று ஹாலர் பூங்கா என அவர் பெயராலேயே வழங்குகின்றது. நம் வீட்டு முற்றத்தில் மழைக்காலத்தில் ஊர்ந்தால் நாம் குச்சியால் தள்ளிவிடும் அம்மரவட்டை, ஒரு நாட்டின் கற்குழியில் மண் சமைத்திருக்கின்றது. மரம் நடுதல் எளிது; உதிர்ந்த இலையை மண்ணாக்கும் உயிர்களைக் குடியேற்றுவதே அரிது.

நம் நாட்டில் தில்லியை அடுத்த குருகிராமத்தில், ஆரவல்லிக் குன்றுகளின் ஒரு பகுதி பல்லாண்டுகள் கல்லும் மணலும் எடுக்கப்பட்டுப் பாழ்பட்டிருந்தது. 2010 முதல் நகர மக்களும் மாநகராட்சியும் இணைந்து ஏறத்தாழ 380 ஏக்கர் நிலத்தைக் காடாக்கினர். அங்கே அவர்கள் கைக்கொண்ட முறை எண்ணத்தக்கது. கடையில் கிடைத்த கன்றை நடவில்லை. ஆரவல்லியில் எஞ்சியிருந்த இயற்கைக் காடுகளுக்குச் சென்று, அந்நிலத்திற்கே உரிய மரஞ்செடி கொடிகளின் விதையைத் திரட்டி, நாற்றங்கால் அமைத்து வளர்த்தனர். 2022-இல் அப்பூங்கா, காப்புக்காடு அல்லாத பிற பாதுகாப்பு நிலம் என்னும் வகையில் இந்தியாவின் முதலாவதாக அறிவிக்கப்பெற்றது.

இவ்விரண்டையும் அப்படியே மேலூருக்குக் கொணர்தல் கூடாது. பம்புரியில் மழை மிகுதி, கல்லும் சுண்ணாம்புக்கல். குருகிராமத்தில் குழிக்குக் கீழே வயல் இல்லை. நமக்கோ குழியின் கீழ்ப்புறம் கண்மாயும், கண்மாயின் கீழ் வயலும் உள்ளன. ஆதலின் மேலூர் வட்டாரத்தில் நிலமீட்பு மரத்திலிருந்து தொடங்கலாகாது, நீரிலிருந்து தொடங்க வேண்டும் என்போம். குழியைச் சுற்றி ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அடைபட்ட ஒரு வரத்துக்காலைத் திறப்பது அவ்வாறன்று. அதற்கு அளவர் வேண்டும், வட்டாட்சியர் வேண்டும், சிலர் பகையும் நேரும். ஆயினும் அக்கால் திறக்கப்பட்ட ஆண்டிலேயே வயலில் பயன் தெரியும்.

முதற்பணி ஆவணப்பணி. வருவாய்த்துறையின் கிராம வரைபடத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் ஓடை, வாய்க்கால், கண்மாய் ஒவ்வொன்றிற்கும் புல எண் உண்டு. குவாரி வருமுன் நீர் எவ்வழி ஓடிற்று என்பதை அவை காட்டும். முதியோர் நினைவும் காட்டும். இன்ன பாறையின் அடியில் வைகாசியிலும் சுனை வற்றாது, இன்ன மேட்டில் ஓடை வளையும் என அவர்கள் கூறுவதை எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன. வரைபடத்தோடு இதனை ஒப்பிட்டால், எந்தக் குழி எந்தக் கண்மாயின் நீரை விழுங்குகின்றது, எந்தக் கற்குவியல் எக்காலை அடைக்கின்றது என்பது விளங்கும். புவியியல் மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. ஊர்ப்பெயரிலும் புலப்பெயரிலும் நீரின் வழி ஒளிந்திருப்பதைத் தமிழ் மாணவரே விரைந்து காண்பர்.

அடுத்தது குழி. எல்லாக் குழியையும் தூர்க்க வேண்டுவதில்லை, தூர்க்கவும் இயலாது. சிலவற்றைக் கழிவுக்கல்லைக் கொண்டே நிரப்பலாம். அதனால் அடைபட்ட ஓடையும் விடுபடும். சிலவற்றை நீர்நிலையாக்கலாம். 2017-ஆம் ஆண்டு வறட்சியில் சென்னைக்கருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கற்குழிகளின் நீரே சுத்திகரிக்கப்பட்டு மாநகர் மக்களுக்குக் குடிநீராயிற்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை: கண்மாய்க்குச் செல்லவேண்டிய நீரைத் தடுத்துக் குழியில் தேக்கிவிட்டு அதனை மழைநீர் சேமிப்பு என்று கூறுதல் பொருந்தாது. கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் குழிக்குச் செல்லுமாறு கால் அமைத்தல் வேண்டும். குழியின் செங்குத்துச் சுவரைப் படிபடியாகச் சரித்தலும் வேலியிடுதலும் இன்றியமையாதன. கற்குழியில் குளிக்கச் சென்ற சிறுவர் உயிரிழந்த செய்தியைக் கோடை விடுமுறைதோறும் நாளேடுகளில் படித்து வருந்துகின்றோம். குளத்தில் கரையிலிருந்து ஆழம் மெல்ல மிகும். கற்குழியில் முதலடியே ஆழம்.

கழிவுக் குவியலைப் பொறுத்தவரை, அதன் முழுச்சரிவு 28 பாகைக்கு மேற்படலாகாது என்பது சுரங்க அனுமதிகளில் வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. சரிவைத் தணித்துப் படியமைத்தபின் மண் வேண்டும். மேல்மண் போன இடத்திற்கு மண் எங்கிருந்து வரும் என்ற வினாவிற்குக் கண்மாயே விடை. தூர்ந்த கண்மாயின் வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது நம் உழவர் பழவழக்கம். 2017-இல் தமிழக அரசு அவ்வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள உழவர்க்கு இசைவளித்தது. வயலின் தேவை போக எஞ்சும் வண்டலைப் பாழ்பட்ட சரிவுகளுக்கும் தந்தால் கண்மாயும் ஆழமாகும், சரிவும் மண் பெறும். கல்லறுத்த மாவு கலந்த வண்டலை மட்டும் விலக்க வேண்டும். அது காய்ந்தால் இறுகி நீரை உள்ளே விடாது.

மண் பரப்பிய முதலாண்டில் மரத்தை எண்ணலாகாது. புல்லும் கொழிஞ்சியும் ஆவாரையுமே முதற்குடிகள். கொழிஞ்சி நிலத்திற்கு உரமளிக்கும். ஆவாரையை ஆடு எளிதில் கடிப்பதில்லை. அவற்றின் நிழலில் உசிலை, வெள்வேல், விடத்தேர், வேம்பு, இலுப்பை, காரை முதலியன பின்னர் வரலாம். உசிலையை மிகுதியும் பரிந்துரைக்கின்றோம். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த மரம், வறட்சி தாங்குவதில் நிகரற்றது. பாறைப் பிளவுகளில் ஆலும் இச்சியும் தாமே வேர்விடும். பறவை வந்தால் போதும். சீமைக்கருவேலம் பசுமையாகத் தோன்றினும் அதனை வளரவிட்டுப் பிறிதொன்றையும் வளர்ப்பது இயலாது. முதல் மூன்று கோடையும் ஆடுகளிடமிருந்து காத்தல் வேண்டும். இதற்கு வேலியினும் ஊர்க்கட்டுப்பாடே சிறந்தது. கோயில்காட்டில் குச்சியொடிக்கவும் அஞ்சும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அரபு நாட்டிலும் மேய்ச்சலையும் மரம் வெட்டலையும் வரையறுத்துக் காக்கும் ‘ஹிமா’ என்னும் காப்புநில மரபு இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அது செல்வர்க்குரிய உரிமை என்னும் நிலைமாறிப் பொதுநலன் கருதியதாயிற்று. நிலத்தைச் சிலகாலம் தொடாதிருத்தலும் ஒரு வேளாண்மையே என்பதை இரு மரபும் உணர்ந்திருந்தன.

குவாரிகள் நின்றபோது பல குடும்பங்கள் கூலி இழந்தன என்பதையும் ஈண்டு மறைத்தல் கூடாது. குவாரியை எதிர்த்த ஊரிலேயே குவாரிக்கூலியால் படித்த பிள்ளைகளும் உளர். கல்லின் போக்கறிந்த அவர்களின் கைத்திறனே குழியின் சுவரைப் படியாக்கவும் கற்கரை கட்டவும் மிகவும் வேண்டப்படுவது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் வழி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, கனிமத்தொழிலால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்கும் உரியது. அந்நிதியிலிருந்து நிலமீட்புக் கூலி தருதல் முறையானதே.

விதைக்கு எங்கே போவது என்பது எஞ்சிய வினா. இங்கேதான் அரிட்டாபட்டியின் அருமை விளங்குகின்றது. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், ஏறத்தாழ 250 பறவை வகைகள் என அரசின் அறிவிப்பு அதன் செல்வத்தைக் கணக்கிடுகின்றது. இரண்டாண்டு கழியுமுன் 2024 நவம்பரில், அதனையும் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி தனியார் நிறுவனம் ஒன்றிற்கு ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. கற்குழியின் பக்கத்தில் வாழ்ந்து பழகிய மக்களுக்கு எவரும் விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7-இல் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைத் தல்லாகுளம் வரை திரண்டு வந்தனர். சனவரி 23-இல் நடுவண் அரசு ஏலத்தை விலக்கிக்கொண்டது. குன்று காக்கப்பட்டது என்று மகிழ்வோர், அதனோடு ஒரு விதைக்களஞ்சியமும் காக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அழகர்மலைக்கு அப்பால் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியின் வீரகோயில் காடு 4.97 ஹெக்டேரே, அதுவும் 2025-இல் அத்தகைய தலமாக அறிவிக்கப்பெற்றது. இந்நிலத்தின் மரஞ்செடிகள் எவை என்று காட்டும் பாடநூல்கள் இவை. தலத்தினுள் விதை எடுக்க அரசின் இசைவும் ஊராரின் ஒப்புதலும் வேண்டும். வெளியே சாலையோரத்து வேம்புக்கும் இலுப்பைக்கும் அத்தடை இல்லை.

வேப்பமுத்தும் இலுப்பைமுத்தும் ஆனி, ஆடியில் உதிர்வன. சில வாரங்களுக்குமேல் அவற்றின் முளைப்புத்திறன் நிற்பதில்லை. மூட்டைகட்டி வைத்துக் கார்த்திகையில் விதைத்தால் ஒன்றும் முளைக்காது. பொறுக்கிய வாரத்திலேயே தோல் நீக்கி, நிழலில் உலர்த்தி, நாற்றுப்பையில் ஊன்றி வைத்தால் அடுத்த ஆண்டின் ஐப்பசி மழைக்குச் சரிவில் நடத்தக்க கன்றாகும். கல்லூரி திறக்கும் மாதமும் ஆனியை ஒட்டியே வருகின்றது.